வெள்ளிக்கிழமை விடியலில் செஞ்சிக்குப் போய் வாருங்கள்

காலாப்பட்டில் படிக்கும் மாணவ மாணவியருக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள மாணவ மாணவியரே,

உங்களிடம் நான் கேட்பது இரண்டு காரியங்கள். இந்தப் பருவத் தேர்வு நெருங்குவதற்குள் ஒரு வெள்ளிக்கிழமை, பொழுது புலரும் முன்பே, செஞ்சி ஆட்டுச் சந்தைக்குப் போய் நில்லுங்கள். பார்த்துவிட்டு வந்த பிறகு, ஆடு வளர்ப்பவர்களையும் கம்பளி நெய்பவர்களையும் உங்கள் வளாகத்துக்கே அழைத்து ஒருநாள் விழா எடுங்கள். ஏன் இப்படிக் கேட்கிறேன் என்பதைச் சொல்லத்தான் இந்த மடல்.

உங்களில் பலர் கைபேசியில் வெளிநாட்டு ஆட்டுத் திருவிழாக்களைப் பார்த்திருப்பீர்கள். அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் 1974 முதல் ஒரு செம்மறி, கம்பளித் திருவிழா நடக்கிறது. ஒவ்வோர் ஆண்டும் மே மாதத்து முதல் வார இறுதியில் ஹோவர்ட் வட்டாரப் பொருட்காட்சித் திடலில் கூடுகிறார்கள். ஆட்டு இனங்களை வரிசையாகக் கட்டி நிறுத்தி, அவற்றை வளர்த்தவரே பக்கத்தில் நின்று விளக்குகிறார். ரோமம் கத்தரித்துக் காட்டுகிறார்கள். கத்தரித்த ரோமத்தைத் தரம் பிரித்துப் பரிசு தருகிறார்கள், ஏலம் விடுகிறார்கள். ஒரு குழு நூல் நூற்று, தறியில் ஏற்றி, சில மணி நேரத்துக்குள் ஒரு சால்வையை நெய்து முடிக்க வேண்டும் என்ற போட்டியும் உண்டு. நகரத்துக் குடும்பங்கள் குழந்தைகளோடு வந்து, உடுத்தும் துணி எந்த உயிரின் மேலிருந்து வந்தது என்று கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்கின்றன.

பார்க்க வேண்டிய விழாதான். ஆனால் காலாப்பட்டில் இருந்துகொண்டு அதற்காக ஏங்க வேண்டியதில்லை. திண்டிவனம் வழியாகப் போனால் சுமார் இரண்டு மணி நேரப் பயணத்தில் வாராவாரம் கூடும் ஓர் ஆட்டுக் கூட்டம் இருக்கிறது. மேடையும் அறிவிப்புப் பலகையும் இல்லாததால் அது விழாவாக நம் கண்ணில் படவில்லை.

செஞ்சி என்றால் உங்களுக்குக் கோட்டை நினைவுக்கு வரும். 1750இல் பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸியின் படை பிடித்து, 1761 வரை பிரெஞ்சுக்காரர் கையில் இருந்த கோட்டை அது. புதுச்சேரி வரலாற்றின் ஒரு பக்கம் அந்த மலைகளில் இருக்கிறது. மராட்டியர் காலத்து ராணுவ நிலக்காட்சிகள் என்ற வரிசையில் 2025 ஜூலையில் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றுக்கொண்டது. அந்தப் பட்டியலின் 12 கோட்டைகளில் தமிழ்நாட்டில் இருப்பது செஞ்சி ஒன்றுதான். ஆனால் மராட்டியருக்கும் பிரெஞ்சுக்காரருக்கும் முன்னால், அந்த மலையின் கதை ஓர் இடையரிடம் தொடங்குகிறது. செஞ்சியைச் சேர்ந்த நாராயணன் பிள்ளை 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதிய ‘கர்நாடக ராஜாக்கள் சவிஸ்தார சரித்திரம்’, ஏறத்தாழ 1200ஆம் ஆண்டளவில் ஆனந்தக் கோன் என்பவர் ஆடு மேய்க்கையில் புதையல் கண்டெடுத்து, முதல் அரணைக் கட்டினார் என்று சொல்கிறது. புதையல் கதையாக இருக்கலாம். ஆனால் மந்தையை வைத்திருந்தவர்கள் கோட்டை கட்டும் வலுவோடு ஒரு காலத்தில் இருந்தார்கள் என்று அந்த ஊர் நினைவு வைத்திருக்கிறது. கோட்டைக்குப் போகிறவர்கள் சந்தைக்கும் போக வேண்டும் என்று நான் சொல்வது அதனால்தான்.

சந்தையில் எதைப் பார்ப்பது? முதன்முறை போகிறவர்களுக்கு அங்கே தெரிவது கூட்டமும் சத்தமும் மட்டுமே. கொஞ்சம் தெரிந்துகொண்டு போனால் அதே இடம் ஒரு பாடசாலை.

முதலில் ஆட்டின் வாயைப் பாருங்கள். வாங்க வந்தவர் கீழ்த்தாடையைப் பிடித்து உதட்டை விலக்கிப் பார்ப்பார். செம்மறிக்கு மேல்தாடையில் முன்பற்கள் கிடையாது. கீழே எட்டுப் பால்பற்கள். அவை விழுந்து, நடுவிலிருந்து இரண்டிரண்டாக நிலைப்பற்கள் முளைக்கும். பல் போடாத குட்டி என்றால் ஒரு வயதுக்கு உட்பட்டது. இரண்டு பல் என்றால் ஒன்று, ஒன்றரை வயது. நாலு பல் இரண்டு வயதை ஒட்டி. எட்டுப் பல்லும் நிறைந்திருந்தால் நான்கு வயதளவு. பிறப்புச் சான்றிதழ் இல்லாத உயிரின் வயதைச் சந்தை இப்படித்தான் வாசிக்கிறது. பெட்டை ஆடாக இருந்தால் எத்தனையாவது ஈத்து, சினையா, மடி சரியாக இருக்கிறதா என்று கேள்விகள் தொடரும். சினைக்காலம் ஐந்து மாதம். சினை ஆட்டை ஒருவர் விற்கக் கொண்டுவந்திருந்தால் அவர் வீட்டில் அவசரத் தேவை ஏதோ இருக்கிறது என்று பொருள் கொள்ளலாம். அந்த இடத்தில் குரலைத் தாழ்த்திப் பேசுங்கள்.

பிறகு இனங்களைப் பாருங்கள். தமிழ்நாட்டுக்கு உரியவையாகப் பதிவான செம்மறி இனங்கள் பத்து. நம் பக்கத்து ஆடு சென்னைச் சிவப்பு. செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூரில் தொடங்கி விழுப்புரம், கடலூர் வரை பரவியிருக்கும் இந்த இனம் பழுப்பிலிருந்து அடர்சிவப்பு வரை பல சாயல்களில் இருக்கும். சிலவற்றுக்கு நெற்றியிலோ தொடையின் உட்புறத்திலோ வெள்ளை இருக்கும். கிடாவுக்கு வரிவரியாகத் திருகிய கொம்பு, பெட்டைக்குக் கொம்பில்லை. பிள்ளைச்சாவடிப் பக்கமோ கணபதிசெட்டிகுளத்துப் பக்கமோ நீங்கள் மந்தையைப் பார்க்க நேர்ந்தால் பெரும்பாலும் இதையோ இதன் கலப்பையோதான் பார்ப்பீர்கள். சேலத்து மேச்சேரிக்கு இளம்பழுப்பு நிறம், இரு பாலுக்கும் கொம்பு கிடையாது. அதன் தோல் பதனிடுவோரிடம் பெயர் பெற்றது. தெற்கே போனால் கீழக்கரிசல், வெள்ளையில் செம்புள்ளி விழுந்த வேம்பூர், செவ்வாடு, இராமநாதபுரம் வெள்ளை. மதுரைக்கு அருகில் கச்சைகட்டிக் கருப்பு. ஒவ்வொன்றும் அந்தந்த மண்ணின் வெயிலுக்கும் புல்லுக்கும் நோய்க்கும் ஏற்பப் பல தலைமுறைகளாகத் தேர்ந்து வளர்க்கப்பட்டது. இந்தத் தேர்வைச் செய்தவர்களின் பெயர் எந்த ஆய்வேட்டிலும் இல்லை. அவர்களுடைய பேரப்பிள்ளைகள் சந்தையில் உங்கள் பக்கத்தில் நிற்பார்கள்.

இப்போது ஒரு கேள்வி உங்களுக்குள் எழ வேண்டும். இத்தனை செம்மறிகள் இருந்தும் சந்தையில் ஒரு பிடி கம்பளி ரோமம்கூட ஏன் இல்லை?

சென்னைச் சிவப்புக்கும் மேச்சேரிக்கும் உடம்பில் இருப்பது குட்டை முடி. கத்தரித்து நூற்கும் ரோமம் இல்லை. காட்டுச் செம்மறிக்கும் மேலே முரட்டு முடியும் அடியில் மெல்லிய ரோமமும்தான் இருந்தன. மனிதர் சுமார் 10,000 ஆண்டுகளுக்கு முன்பு மேற்கு ஆசியாவில் அதைப் பழக்கியது இறைச்சிக்காக. ரோமம் அடர்ந்த ஆடுகளைத் தேர்ந்து பெருக்கியது அதற்குச் சில ஆயிரம் ஆண்டுகள் கழித்து. புழுக்கமும் கடல்காற்றும் நிறைந்த நம் கரையில் அந்த ரோமம் ஆட்டுக்குச் சுமையாகத்தான் இருந்திருக்கும். ஆகவே நம் ஆட்டுக்கு ரோமம் இல்லாததைக் குறையாக எண்ண வேண்டாம். இந்த நிலத்தில் பிழைத்திருப்பதற்கு ஆடு கண்டுகொண்ட வழி அது.

கம்பளி தரும் ஆடுகளும் தமிழ்நாட்டில் உண்டு. திருச்சி கருப்பு உடல் முழுதும் கருப்பு. குரும்பை என்று வளர்ப்பவர்கள் சொல்லும் கோயம்புத்தூர் ஆடு வெள்ளை, தலையிலும் கழுத்திலும் கருப்போ பழுப்போ படர்ந்திருக்கும். நீலகிரி ஆடு 19ஆம் நூற்றாண்டில் கோயம்புத்தூர் ஆட்டோடு மெரினோ, செவியட், சவுத்டவுன் ஆகிய வெளிநாட்டு இனங்கள் கலந்து உருவானது. உதகைக்கு அருகே சாண்டிநல்லாவில் உள்ள செம்மறி ஆராய்ச்சி நிலையம் அதைக் காத்துவருகிறது. கொடைக்கானலுக்கு மேலே மன்னவனூரில், ராஜஸ்தானின் அவிகாநகரைத் தலைமையிடமாகக் கொண்ட மத்திய செம்மறி மற்றும் கம்பளி ஆராய்ச்சி நிறுவனத்தின் தென்மண்டல மையம் 1965 முதல் இயங்குகிறது. குளிர்ந்த புல்வெளியில் பாரத் மெரினோ மந்தை மேய்வதை அங்கே பார்க்கலாம்.

கம்பளி நெய்வதை ஆடு வளர்க்கும் குரும்பர் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்துவந்தன. அந்த வேலையின் படிகளைக் கேளுங்கள். ஆட்டை நீரில் கழுவி, உலர்த்தி, கத்தரியால் ரோமத்தை வெட்ட வேண்டும். நிறவாரியாகப் பிரித்து, வில்லால் அடித்துச் சிக்கெடுத்துப் பஞ்சுபோல் ஆக்க வேண்டும். கையால் நூற்க வேண்டும். முரட்டு ரோமநூல் தறியில் அறுந்து போகாமலிருக்கப் பாவுக்குப் புளியங்கொட்டைக் கஞ்சி போட்டு விறைப்பேற்றுகிற முறை தக்காணம் முழுக்க உண்டு. அதன் பின்னரே நெசவு. சாயம் தேவையில்லை, ஆட்டின் நிறமே கம்பளியின் நிறம். மேய்ச்சல்காரருக்கு அந்தக் கம்பளி மழையில் குடை, குளிரில் போர்வை, இரவில் பாய். நனைந்தாலும் உடம்பின் சூட்டை விடாது பிடித்துக்கொள்ளும் குணம் ரோமத்துக்கு உண்டு.

அந்த வேலை இன்று நலிந்து கிடக்கிறது. மெரினோ ரோமம் மென்மையானது, உடம்பை உறுத்தாது. நம் ஆடுகளின் ரோமம் முரடு, விரிப்புக்கும் கம்பளிக்கும்தான் ஏற்றது. இயந்திரத்தில் நெய்த மலிவான போர்வை வந்ததும் அதற்கும் கேட்பாரில்லாமல் போனது. இந்தியாவின் கம்பளி உற்பத்தி 2018-19இல் சுமார் 4 கோடி கிலோ. 2022-23இல் அது சுமார் 3.36 கோடி கிலோவுக்கு இறங்கிவிட்டது. 2019ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி நாட்டில் 7.4 கோடிக்கும் அதிகமான செம்மறிகள் இருக்கின்றன, தமிழ்நாட்டில் மட்டும் சுமார் 45 லட்சம். ஆடு குறையாமலே ரோமத்தின் மதிப்பு குறைந்திருக்கிறது. தக்காணத்தின் பல இடங்களில் கூலி கொடுத்து ரோமத்தைக் கத்தரித்து, அதை அங்கேயே எறிந்துவிட்டுப் போகிறார்கள். ஒரு பொருளின் பயன் தெரிந்தவர்கள் இருக்கும்போதே அதை எறிய வேண்டியிருப்பது எனக்குப் பொறுக்கவில்லை. உங்களுக்கும் பொறுக்கக்கூடாது.

ரோமம் தராத நம் ஆடு வேறொரு செல்வத்தைத் தருகிறது. அறுவடை முடிந்த வயலில் இரவில் மந்தையை அடைத்து வைப்பதுதான் கிடை போடுவது. இராமநாதபுரம், சிவகங்கைச் சீமையிலிருந்து கிளம்பும் மந்தைகள் தஞ்சைப் பக்கம் வரை நடந்தே போகும். மந்தைக்குத் தலைவர் கீதாரி. நில உரிமையாளர் ஓர் இரவுக்கு இவ்வளவு என்று பணமாகவோ நெல்லாகவோ கொடுப்பார். புழுக்கையும் மூத்திரமும் வண்டிக்கூலி இல்லாமல் நேராக மண்ணில் இறங்கிவிடும். ஆட்டெரு அந்த வருசம், மாட்டெரு மறு வருசம் என்று குடியானவர்கள் சொல்வது அனுபவக் கணக்கு. ஆட்டெரு சீக்கிரம் மக்கிப் பயிருக்குச் சேரும். ரசாயன உரத்தின் விலை ஏற ஏறக் கிடையின் அருமை கூடிக்கொண்டுதான் இருக்கிறது. ஆனால் மந்தை நடக்கும் வழியெல்லாம் மனைகளாகவும் வேலிகளாகவும் மாறிவருகிறது.

இங்கே உங்களுக்கு ஒரு நேரடி உறவு இருக்கிறது. ‘கிடை’ என்ற குறுநாவலை எழுதிய கி. ராஜநாராயணனை 1980களின் பிற்பகுதியில் வருகைதரு பேராசிரியராக அழைத்தது உங்கள் புதுவைப் பல்கலைக்கழகம். கல்லூரியில் படித்திராத ஒரு கரிசல்காட்டு விவசாயியை, நாட்டுப்புற வழக்காறுகளைச் சேகரிக்கும் பொறுப்பில் ஒரு மத்தியப் பல்கலைக்கழகம் அமர்த்தியது. 1985இல் தொடங்கப்பட்ட அந்தப் பல்கலைக்கழகம் தன் இளம்வயதிலேயே காட்டிய துணிவு அது. சொந்த ஊரான இடைசெவலிலிருந்து வந்தவர் புதுச்சேரியையே தன் ஊராக்கிக்கொண்டு, 2021 மே 17 அன்று இங்கேயே காலமானார். ‘கிடை’யை அம்ஷன் குமார் 2003இல் ‘ஒருத்தி’ என்று படமாக எடுத்தார். மேய்ச்சல்காரர்களின் வாழ்வை உள்ளிருந்து சொன்ன இன்னொரு படைப்பு சு. தமிழ்ச்செல்வியின் ‘கீதாரி’. சந்தைக்குப் போகுமுன் இந்த இரண்டையும் படித்துவிடுங்கள். ஆடு மேய்ப்பவரின் பேச்சை அறிவாக மதிக்கலாம் என்று உங்கள் பல்கலைக்கழகம் ஒருமுறை தீர்மானித்தது. அந்தத் தீர்மானத்தைத் தொடரும்படிதான் கேட்கிறேன்.

சந்தையில் எப்படி நடந்துகொள்வது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அங்கே நடப்பது சிலருக்கு ஓர் ஆண்டு உழைப்பின் அறுவடை. வழியை மறித்து நிற்காதீர்கள். கேட்காமல் யார் முகத்தையும் படமெடுக்காதீர்கள். தரகரும் வியாபாரியும் விலை பேசும்போது குறுக்கே புகுந்து கேள்வி கேட்காதீர்கள். பேரம் முடிந்து, பணம் எண்ணி வாங்கி, டீக்கடைக்கு வரும்போது பேசுங்கள். வயதில் பெரியவர்களை ஐயா, அம்மா என்று அழையுங்கள். ‘எவ்வளவு சம்பாதிக்கிறீர்கள்’ என்பது முதல் கேள்வியாக இருக்கக்கூடாது. எங்கே மேய்க்கிறீர்கள், தண்ணீருக்கு என்ன செய்கிறீர்கள், ஐப்பசி கார்த்திகை மழையில் எப்படிக் காப்பாற்றுகிறீர்கள் என்று கேளுங்கள். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் கொசுவைவிடச் சிறிய கடிஈக்கள் பெருகி நீலநாக்கு நோயைப் பரப்பும். துள்ளுமாரி, ஆட்டுக்கொல்லி, அம்மை என்று ஒவ்வொன்றுக்கும் காலம் பார்த்துத் தடுப்பூசி போட வேண்டும். ஓர் ஆட்டின் நடையிலிருந்தே நோயின் முதல் அறிகுறியைக் கண்டு சொல்பவர்கள் அங்கே இருப்பார்கள்.

தீபாவளி, பக்ரீத், பொங்கல், ஆடி மாதக் கோயில் கொடைகளை ஒட்டிய வாரங்களில் கூட்டம் பலமடங்கு இருக்கும். முதல்முறை போகிறவர்கள் சாதாரண வாரத்தைத் தேர்ந்தெடுங்கள். அங்கிருந்து போகும் ஆடுகளில் பெரும்பாலானவை கறிக்குத்தான் போகின்றன என்பதை முன்பே மனத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். புலால் உண்ணாதவர்களும் வாருங்கள். சங்கடம் வந்தால் அதை மறைக்க வேண்டாம். தன் கையால் புட்டிப்பால் கொடுத்து வளர்த்த குட்டியை விற்க வந்தவருக்கும் அந்தச் சங்கடம் உண்டு. அவர் அதோடு வாழப் பழகியிருக்கிறார். உண்பவர்களுக்கு ஒரு கடமை இருக்கிறது: தட்டில் வருவது யாருடைய உழைப்பு என்று தெரிந்து உண்பது.

சந்தையில் ஒன்றைக் கவனியுங்கள். விலை பேசுவோரில் பெண்கள் குறைவாகவே இருப்பார்கள். ஆனால் பட்டியைக் கூட்டுவது, தழை ஒடித்துப் போடுவது, நோயுற்ற குட்டியை வீட்டுக்குள் வைத்துக் காப்பது பெரும்பாலும் அவர்கள்தான். தமிழ்நாடு அரசு 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய விலையில்லா ஆடு திட்டம், ஏழைக் குடும்பத்துப் பெண்களின் பெயரிலேயே நான்கு ஆடுகளைக் கொடுத்தது. வளர்ப்பது யார் என்பதை அந்தத் திட்டம் சரியாகக் கண்டிருந்தது. விற்பனையில் அவர்கள் குரல் எங்கே போகிறது என்று சமூகவியல் படிக்கும் மாணவர்கள் கேட்க வேண்டும்.

இனி என் இரண்டாவது வேண்டுகோள். 2026ஆம் ஆண்டை மேய்ச்சல் நிலங்களுக்கும் மேய்ச்சல் சமூகங்களுக்குமான உலக ஆண்டாக ஐக்கிய நாடுகள் அவை அறிவித்திருக்கிறது. மங்கோலியா முன்மொழிந்து, 2022இல் பொதுச்சபை ஏற்ற தீர்மானம் அது. புதுச்சேரி குரும்பாபேட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. காலாப்பட்டில் தமிழும் மானுடவியலும் சூழலியலும் நிகழ்கலையும் படிக்கும் நீங்கள் இருக்கிறீர்கள். இந்த இரண்டு இடத்து மாணவர்களும் சேர்ந்தால் ஒருநாள் ஆட்டுத் திருவிழா நடத்திவிடலாம்.

அதில் என்னென்ன இருக்க வேண்டும் என்று நான் நினைப்பதைச் சொல்கிறேன். பத்து இனங்களில் கொண்டுவர முடிந்தவற்றை நிழலும் தண்ணீரும் உள்ள இடத்தில் நிறுத்தி, வளர்த்தவரே பேச வேண்டும். அவர் பேசும்போது ஒலிவாங்கியைப் பேராசிரியர் பிடித்துக்கொள்ளட்டும். கம்பளி நெய்யத் தெரிந்தவர்கள் ரோமத்திலிருந்து நூல் வரை செய்துகாட்ட வேண்டும். நீங்களும் கைவைத்துப் பழக வேண்டும். ஒரு கீதாரி தன் மந்தை ஆண்டு முழுக்க நடக்கும் வழியைத் தரையில் வரைந்து காட்டட்டும். கால்நடை மருத்துவ மாணவர்கள் சுற்றுவட்டார ஆடுகளுக்குக் குடற்புழு மருந்தும் தடுப்பூசியும் கொடுக்கட்டும். வருகிறவர்களுக்குப் பயணச் செலவும் அன்றைய வருமான இழப்புக்கு ஈடும் முன்கூட்டியே கொடுக்கப்பட வேண்டும். பொன்னாடை போதாது. மேய்ச்சலை ஒருநாள் விட்டு வருவது அவர்களுக்கு எளிதன்று.

விழாவின் முடிவில் மூன்று காரியங்கள் கையில் நிற்க வேண்டும். பதிவுசெய்யப்பட்ட நேர்காணல்கள், அவரவர் சொந்த வழக்கில், பல்கலைக்கழக நூலகத்தில் சேர வேண்டும். காலாப்பட்டைச் சுற்றி இன்னும் எஞ்சியிருக்கும் மேய்ச்சல் இடங்களையும் குட்டைகளையும் குறித்த ஒரு வரைபடம் உருவாக வேண்டும். உங்கள் விடுதிகளுக்கும் விருந்தினர் அறைகளுக்கும் ஆண்டுதோறும் விரிப்பும் போர்வையும் வாங்குகிறார்கள். அதில் ஒரு சிறு பங்கையாவது கைத்தறிக் கம்பளியாக வாங்க நிர்வாகத்திடம் நீங்கள் விண்ணப்பிக்க வேண்டும். நெசவு செய்பவருக்குக் கைதட்டலைவிட ஒரு வாங்கல் உத்தரவு பெரிய மரியாதை.

இதையெல்லாம் ஓர் ஆண்டில் செய்து முடிக்க முடியாவிட்டாலும் தொடங்கிவிட முடியும். முதலில் உங்களில் பத்துப் பேர் ஒரு வண்டி பேசிக்கொள்ளுங்கள். ஒரு குறிப்பேடு, ஒரு தண்ணீர்ப் புட்டி, சேறானாலும் பரவாயில்லாத செருப்பு போதும். திரும்பி வந்த வாரமே ஒரு வகுப்பறையில் கூடி, பார்த்ததைப் பேசி, விழாவுக்கு நாள் குறியுங்கள். அந்தக் கூட்டத்துக்கு என்னையும் கூப்பிடுங்கள். நாற்காலி எடுத்துப் போடுவதிலிருந்து ஆட்டுக்குத் தழை வெட்டுவது வரை என்ன வேலை கொடுத்தாலும் செய்கிறேன்.

அன்புடன்,
காலாப்பட்டில் வசிக்கும் உங்கள் அண்டைவீட்டார் ஒருவர்